கை பட்ட இடம்

7 அக்டோபர், செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். பனி கூடத்துக்குள்ளேயே வந்து நிற்கிறது. தேங்காய் எண்ணெய் உறைந்துவிட்டது. வெந்நீர்ச் சட்டியில் வைத்து உருக்கினேன்.

வேலைகள்: துண்டுகள் காயவில்லை. நீராவிப் பெட்டிக் கதவு சரியாக மூடவில்லை, மேனேஜர் சேகர் சாரிடம் சொல்ல வேண்டும். நீராவிக்குப் போடும் நொச்சி தீர்ந்தது. கூட வேலை செய்யும் ராணி பறித்து வருவாள்.

செவ்வாய் எங்கள் எண்ணெய்த் தேய்ப்பு நிலையத்தில் ஊர்ப் பெண்களின் நாள். இலவசம். சாமை அறுப்பு முடிந்த நேரம், எல்லா இடுப்பும் வலிக்கும். போன வருடம் இதே வாரம் பெஞ்சில் இடமில்லாமல் வாசல்படி வரை உட்கார்ந்திருந்தார்கள். இன்று நான்கு பேர். நான்கு பேரும் காலை மட்டும் நீட்டினார்கள்.

"முதுகு வேணாம்மா. காலு போதும்."

யாரும் ஜாக்கெட் கொக்கியைக் கழற்றவில்லை. குளிர் என்று நினைத்தேன்.

பத்து மணிக்கு மேல் ராணி நனைந்துகொண்டு வந்தாள். நொச்சிக் கட்டை இறக்கும்போதே சொன்னாள். குப்பம்மா போய்விட்டாள். நேற்றுச் சாயங்காலம், மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரியில்.

குப்பம்மா மாசியில் தோள்வலி என்று வந்தவள். எண்ணெய் தேய்க்கும்போது அக்குளில் ஏதோ தட்டுப்பட்டது. கல் மாதிரி, நகரவில்லை. பயிற்சியில் சொன்னபடியே அமுக்கவும் இல்லை, நோயின் பேரைச் சொல்லவும் இல்லை. புதன்கிழமை டாக்டரைப் பார்த்துவிட்டுப் போங்க என்று மட்டும் சொன்னேன். டாக்டர் கீழே அனுப்பினார். மார்பில் தொடங்கி அக்குளுக்கு வந்திருந்தது. கீழே போன பிறகு ஒரே ஒரு முறை வந்தாள், தலையில் முடியில்லாமல், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு.

"எப்ப எடுக்கறாங்க?" என்று ராணியைக் கேட்டேன்.

"மத்தியானம். நீ வராதக்கா."

"ஏன்?"

"மழைக்கா," என்றாள். முகத்தை நொச்சிக் கட்டு பக்கம் திருப்பிக்கொண்டு.

போகவில்லை. மத்தியானம் மேளச் சத்தம் மட்டும் கேட்டது.

8 அக்., புதன்

டாக்டர் நிர்மலாவின் நாள். ஜீப் ஒன்பதரைக்கு. கூடத்தில் பாதி அவருக்கு, பாதி எங்களுக்கு. நடுவில் பச்சைத் திரை. முட்டிவலி, இடுப்புவலி, வாதம் வந்து கை விழுந்தவர்களை அவர் எங்கள் பக்கம் அனுப்புவார். எங்கள் கைக்கு அடங்காததை நாங்கள் அவர் பக்கம் அனுப்புவோம். ஆறு வருடமாக இப்படித்தான்.

வள்ளி வந்தாள். கழுத்தில் கட்டி கட்டியாக இருந்த பெண். என் கையில் தட்டுப்பட்டுத்தான் அனுப்பினேன். டிபி என்று தெரிந்து மாத்திரை. இப்போது கன்னம் உப்பியிருக்கிறது. சந்தோஷமாக எழுந்து போனேன். அவள் அம்மா வள்ளியைத் தன் மறுபக்கத்துக்கு நகர்த்தினாள். பேருந்து வரும்போது குழந்தையை ஓரமாக இழுப்பது மாதிரி.

டா. என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "குப்பம்மா ரொம்ப லேட்டா வந்தாங்க கோமதி. உங்ககிட்ட வர்றதுக்குப் பல மாசம் முன்னாடியே இருந்திருக்கும். மனசுல வெச்சுக்காதீங்க."

சரி என்றேன். மனதில் வைத்துக்கொள்வது நானா, மற்றவர்களா?

சாம்பார் கெட்டுப்போனது. ரசம் வைத்துச் சாப்பிட்டேன்.

11 அக்., சனி

விருந்தினர் இரண்டு பேர், பெங்களூரிலிருந்து. காசு கொடுத்துத் தங்குகிறவர்கள். அவர்கள் பணத்தில்தான் செவ்வாய்க்கிழமை எண்ணெய். திரைக்குப் பின்னால் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைப் பார்த்துவிட்டு ஒருத்தி கேட்டாள், "இது ஸ்பாவா, ஆஸ்பத்திரியா?"

சேகர் சார் பக்கத்திலேயே இருந்தார். இந்தக் கேள்விக்கென்றே ஒரு சிரிப்பு வைத்திருக்கிறார். "ரெண்டும்தாங்க மேடம். ஒண்ணுக்கொண்ணு துணை."

மாலை அலமேலு கடைக்குப் போனேன். இரண்டு சோப்பு எடுத்தேன், ஒன்று போதும் என்று மற்றதைத் திரும்ப வைத்தேன். அலமேலு அந்த சோப்பைக் காகிதத்தால் பிடித்து எடுத்தாள். பலகைக்குக் கீழே எங்கோ வைத்தாள். பணத்தைக் கையில் வாங்கவில்லை. "அங்க வெச்சிட்டுப் போம்மா."

எனக்கு டீ காகிதக் கப்பில். மற்ற எல்லோருக்கும் கண்ணாடி கிளாஸில்.

திரும்பும் வழியில் ராணி எதிரே வந்தாள். விடவில்லை, கேட்டேன்.

"இன்னா பேசிக்கிறாங்க என்னைப் பத்தி?"

"எதுக்குக்கா அதெல்லாம்."

"சொல்லு."

காலால் கல்லைத் தள்ளிக்கொண்டே சொன்னாள். "உன் கை பட்டா கட்டி வருதாம். குப்பம்மா, வள்ளி, ரேஷன் கடைக்காரர் சம்சாரம், மூணு பேரும் உன்கிட்ட எண்ணெ தேச்சிக்கினவங்க. தேச்சிக்காத யாருக்கும் கட்டி இல்லியாம்."

ரேஷன் கடைக்காரர் மனைவிக்கு இருந்தது வெறும் கொழுப்புக் கட்டி. டா. ஒன்றும் செய்ய வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். அதைச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லி என்ன. தேய்த்துக்கொள்ளாதவர்களுக்குக் கட்டி இல்லை. இதற்கு எந்தப் பக்கத்திலிருந்து பதில் சொல்வது?

"நீ இன்னா நெனைக்கிற?"

"லூசுங்க," என்று சிரித்தாள் ராணி. என் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைப் பக்கம் பார்த்து வேண்டுமென்றே ஆட்டிக்கொண்டு நடந்தாள்.

14 அக்., செவ்வாய்

எண்ணெய் சுடவைத்தேன். ஆறியது. மறுபடி சுடவைத்தேன்.

யாரும் வரவில்லை.

மத்தியானம் வேலிப் படல் வரை கொலுசுச் சத்தம் வந்தது. நின்றது. போய்விட்டது.

சேகர் சார் வந்து காலி பெஞ்சைப் பார்த்தார். திட்டவில்லை, அதுதான் பயம். "அடுத்த வாரம் தீபாவளி. முன்னாடியே கிளம்பிப் போயிட்டு மெதுவா வாங்க. கொஞ்சம் ஆறட்டும்."

"என்ன சார் ஆறட்டும்?"

"எல்லாந்தான்," என்றார்.

15 அக்., புதன்

யாரோ டாக்டரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவருக்குக் கோபம். வரிசையில் இருந்தவர்கள் முன்னால் நின்று சத்தமாகவே பேசினார். கை பட்டுக் கட்டி வராது. ஏற்கெனவே இருக்கிறதுதான் கைக்குத் தெரியும். கோமதி சொன்னதால்தான் வள்ளி இன்று நடமாடுகிறாள்.

எல்லோரும் தலையாட்டினார்கள். நல்ல மரியாதையாக.

அவர் உள்ளே போனதும் திரைக்கு அந்தப் பக்கம் ஒரு குரல். யாரென்று தெரியவில்லை.

"டாக்டரம்மாவே இவ்ளோ தூரம் பேசறாங்கன்னா ஏதோ கீது."

இன்று வேலை: ஒரு தாத்தாவின் முட்டிக்கு ஒத்தடம். அவருக்குக் காது கேட்காது, ஊர்ப்பேச்சும் போய்ச் சேர்ந்திருக்காது.

20 அக்., திங்கள். தீபாவளி. போளூர்

அக்கா வீடு. வெயில். மலையில் இருந்து இறங்கியதும் காது திறந்தது மாதிரி.

அக்காதான் எல்லோருக்கும் எண்ணெய் வைத்தாள். வடை, கறிக்குழம்பு. அக்கா வீட்டில் இருந்து படிக்கும் என் மகள் யாழினி இந்த ஒரு வருடத்தில் என் உயரத்துக்கு வந்துவிட்டாள். பள்ளியில் ஓட்டப் பந்தயம், ஆடுதசை பிடித்துக்கொண்டதாம். சாப்பிட்டு முடித்ததும் என் மடியில் காலைத் தூக்கிப் போட்டாள்.

"அமுக்கி வுடும்மா. ஊருக்கெல்லாம் செய்யற, எனக்குக் கெடையாதா?"

கை போகவில்லை. உண்மையாகவே போகவில்லை. அவள் கால் என் மடியில் கிடக்கிறது, என் இரண்டு கையும் பக்கத்தில் பாயில் ஊன்றியிருக்கிறது.

"அம்மாவுக்கு அசதியா கீதும்மா. பெரியம்மாகிட்ட கேளு."

காலை எடுத்துக்கொண்டாள். முகம் சுருங்கிவிட்டது. நான் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

அதை நம்புகிறேனா நான்? இல்லை. நம்பவில்லை. பிறகு ஏன்.

23 அக்., வியாழன்

மலைக்குத் திரும்பினேன். போளூர் பஸ் ஸ்டாண்டில் ஏறும்போதே கூட்டம். மேலே ஏற ஏற ஊர்க்காரர்கள் ஏறினார்கள். தெரிந்த முகங்கள். நின்றுகொண்டே வந்தார்கள், கம்பியைப் பிடித்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு சாய்ந்துகொண்டு. என் பக்கத்து இருக்கை கடைசி வரை காலி.

கண்டக்டர் வெளியூர். "உக்காருங்கம்மா, எடம் கீதே," என்று ஒரு பெண்ணிடம் சொன்னார். அவள் பையை மட்டும் வைத்தாள். பிறகு பையையும் எடுத்துக்கொண்டாள்.

28 அக்., செவ்வாய்

எழுதாமல் தூக்கம் வராது.

ராணி என்னைக் கேட்காமலேயே மகளிர் குழுக் கூட்டத்தை எங்கள் கூடத்தில் வைத்துவிட்டாள். அவள்தான் குழுவுக்குத் தலைவி. கூட்டம் என்பதால் வந்தார்கள். அலமேலு, வள்ளியின் அம்மா, குப்பம்மாவின் மருமகள்கூட. இருபது பேருக்கு மேல். பெஞ்சில் உட்காரவில்லை, சுவர் ஓரமாக நின்றார்கள்.

சேமிப்புப் பேச்சு முடிந்தது. ராணி எழுந்து நடுவில் இருந்த மர மேசை மேல் ஏறி உட்கார்ந்தாள். கொண்டையை அவிழ்த்தாள்.

"அக்கா, வா. தல, கழுத்து, தோளு. எல்லாம் தேச்சி வுடு. எல்லாரும் பாக்கட்டும்."

"ராணி, வேணாம்."

"வான்றேன்."

இவ்வளவு நாள் கூடவே வேலை செய்தும் அவளுக்கு நான் ஒரு தடவையும் தேய்த்ததில்லை. அவளுக்கு நேரம் இருந்ததில்லை. எண்ணெயை எடுத்தேன். உள்ளங்கையில் தேய்த்தேன். தலையில் வைத்தேன். கைக்கு அதன் வேலை தெரியும். உச்சி, பொட்டு, காதுக்குப் பின்னால், பிடரி. ராணி கண்ணை மூடிக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தாள். "ஆகா, இத வுட்டுட்டா வூட்ல படுத்து மொனகிக்கினு கெடக்கறீங்க!" இரண்டு பேர் சிரித்தார்கள். அலமேலு சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்தாள். எனக்கு அழுகை வரும்போல இருந்தது, நல்ல அழுகை.

கழுத்தின் முன்பக்கம். இடது பக்கம், தொண்டைக் குழிக்குச் சற்று மேலே.

நெல்லிக்காயைவிடச் சின்னது. கெட்டி. ராணி எச்சில் விழுங்கினாள். அது என் விரலுக்குக் கீழே ஏறி இறங்கியது.

விரல் அங்கேயே நின்றுவிட்டது. ஒரு மூச்சு நேரம் இருக்கும். அதற்குள் குப்பம்மாவின் மருமகள் கேட்டாள்.

"இன்னா? இன்னா கீது?"

 அடுப்பில் நொச்சித் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் இல்ல," என்றேன். என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கை தோளுக்குப் போய்விட்டது.

ராணி கண்ணைத் திறந்தாள். மேசையிலிருந்து குதித்து இறங்கி, முடியை ஒரு முடிச்சுப் போட்டு, எல்லோரையும் பார்த்துச் சொன்னாள். "பாத்தீங்க இல்ல? இன்னிக்குத் தேதிய வெச்சிக்குங்க. அடுத்த செவ்வா இங்கியே வாங்க. என் ஒடம்புல கட்டி வந்திருந்தா நானே இவங்கள பஸ் ஏத்தி அனுப்பிடறேன்."

பெண்கள் கைதட்டினார்கள்.

29 அக்., புதன்

டா. வரவில்லை. இரவெல்லாம் பெய்த மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து கிடக்கிறதாம். இரண்டாவது வளைவுக்கு மேலே.

தண்ணீர்த் தொட்டி மேட்டில் மட்டும் சிக்னல் கிடைக்கும். குடை பிடித்துக்கொண்டு போனேன். டா. எடுத்தார்.

"சொல்லுங்க கோமதி. ஏதாவது அவசரமா?"

தொட்டிக்கு அந்தப் பக்கம் வள்ளியின் அம்மா குடத்தோடு நின்றாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு ஒரு சிரிப்பு.

"ஒண்ணும் இல்ல டாக்டர். வர்றீங்களான்னு கேக்கத்தான்."

இதே சொல்லை இரண்டாவது தடவை சொல்கிறேன்.

1 நவம்பர், சனி

இன்று ஊர்ப் பெண்களின் நாள் இல்லை. ஆனாலும் வந்தார்கள். ஆறு பேர், பிறகு இன்னும் நான்கு பேர். சேகர் சார் விருந்தினர் அறைக்கு வைத்திருந்த துண்டுகளையும் எடுத்துக் கொடுத்தார். அவர் முகத்தில் விளக்கு ஏற்றின மாதிரி.

வந்தவை: மொச்சை, ஒரு பாட்டில் தேன், சாமை முறுக்கு, கொல்லையில் காய்த்த பூசணி பாதி.

அலமேலு கடையைப் பூட்டிவிட்டு வந்தாள். முட்டி வீங்கியிருக்கிறது. இத்தனை நாள் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் எண்ணெய் போடப் போட அவள் கண்ணில் தண்ணீர். "அன்னிக்கு சோப்ப... தப்பா எடுத்துக்காதம்மா. எல்லாரும் சொன்னாங்க."

எத்தனை முதுகு, எத்தனை தோள். ராத்திரி கை வலித்தது. அந்த வலி இனிப்பாக இருந்தது. இதை எழுத வெட்கம். இனிப்பாகத்தான் இருந்தது.

ராணி நாள் முழுக்க வெந்நீர் சுமந்தாள், பாடிக்கொண்டே. அவள் பக்கம் நான் பார்க்கவில்லை. பார்த்தால் கழுத்தைத்தான் பார்ப்பேன்.

ஒருவேளை நான் தவறாகத் தொட்டிருக்கலாம். தசையாக இருக்கலாம். ரேஷன் கடைக்காரர் மனைவி விஷயத்தில் என் கை பயந்தது வீண்தானே.

3 நவ., திங்கள்

கனவு. ஒன்றும் எழுத முடியாது.

வாங்க வேண்டியது: தீப்பெட்டி, பேட்டரி, யாழினிக்கு நோட்டு.

ராணிக்குச் சொல்ல வேண்டும். நாளைக்கு முன்னால் சொல்ல வேண்டும். காலையில் அவள் வந்ததும் வாய் திறந்தேன். அதற்குள் அவள் பையன் பிறந்த நாள் பேச்சை எடுத்துவிட்டாள், புதுச் சட்டை, கேக். நான் என்ன நிறம் வாங்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தேன்.

4 நவ., செவ்வாய்

எல்லோரும் வந்தார்கள். குழுக் கூட்டம் இல்லை, கணக்கு இல்லை, வேடிக்கைக்கு. ராணியை வெளிச்சத்தில் நிற்கவைத்தார்கள். அலமேலு அவள் தாடையைப் பிடித்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினாள். "கட்டி கிட்டி ஒண்ணியும் காணமே!" ஒரே சிரிப்பு. குப்பம்மாவின் மருமகள் என் பக்கத்தில் வந்து நின்று, தன் கையால் என் முழங்கையைத் தொட்டாள். மன்னிப்புக் கேட்கிறாள் என்று புரிந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

டீ வந்தது. ராணி தலையைச் சாய்த்துக் கடைசி வாய் குடித்தாள். இப்போது கண்ணுக்கே தெரிந்தது. ஒரு சின்ன மேடு, ஏறி இறங்கியது. வேறு யாரும் பார்க்கவில்லை. எங்கே பார்ப்பது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

எல்லோரும் போன பிறகு கதவைச் சாத்தினேன்.

"ராணி, உக்காரு."

"இன்னாக்கா, மொகம் இப்டி கீது? எல்லாம் சரியாய்டுச்சே."

"அன்னிக்கு உன் கழுத்துல ஒண்ணு கைல தட்டுச்சு. சின்னதுதான். நாளைக்கு டாக்டர் வந்தா காட்டிடலாம்."

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவள் கை மெல்லக் கழுத்துக்குப் போனது. தேடினாள், கிடைக்கவில்லை. நான் தொட்டுக் காட்டவில்லை. கண்ணாடியைக் கொடுத்து, தலையைத் தூக்கித் தண்ணீர் குடிக்கச் சொன்னேன். குடித்தாள். பார்த்தாள். மறுபடி ஒரு வாய் குடித்தாள்.

"எல்லாரும் கேக்கும்போது இல்லன்னு சொன்னியே."

"ஆமா."

"ஒரு வாரமா தெரியும் உனக்கு."

"ஆமா ராணி."

கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"தெனமும் குளிக்கறேன். ஆடில தாலிக் கயிறு மாத்தினேன், இந்தக் கழுத்துல நானே கட்டினேன். அப்ப இல்ல இது."

"இருந்திருக்கும். தெரிஞ்சிருக்காது."

"இல்ல." நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள். "நீ தொடறதுக்கு முன்னாடி இது இல்லக்கா."

நொச்சிக் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கூடை காலியாகத்தான் இருந்தது.

5 நவ., புதன்

பாதை திறந்துவிட்டது. டா. வந்தார். ராணி வரவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். மேசை, கைதட்டல், போன் வரை. அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார்.

"இந்த மாதிரி கட்டிக்கு ஒரு வாரம் பெரிசில்ல. ஆனா நீங்க சொல்லியிருக்கணும் கோமதி."

"தெரியும் டாக்டர்."

"ஏன் சொல்லலன்னும் எனக்குத் தெரியுது," என்றார். அதன் பிறகு என்னைப் பார்க்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார், ராணி வீட்டுக்கு. பின்னாலேயே போனேன்.

வேலிக்கு வெளியே நின்றேன். உள்ளே ராணியின் மாமியார் குரல். "அவ உள்ள வரக் கூடாது. டாக்டர் வரட்டும், அவ வரக் கூடாது." ராணியின் புருஷன் முருகன் தலையில் துண்டோடு வெளியே வந்து என்னைப் பார்த்தான், திரும்பிப் போனான். அவன் திருமணத்துக்கு நான் மொய் எழுதியவள், அவன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் ஓடி வருவது என்னிடம்தான்.

டா. பேசியது துண்டு துண்டாகக் கேட்டது. தைராய்டு. ஊசி வைத்துப் பார்க்க வேண்டும். பாதிக்கு மேல் பேருக்கு ஒன்றும் இருக்காது. தாமதிக்க வேண்டாம்.

மாடு, பிள்ளை இரண்டு, அவரைக்காய்ப் பறிப்பு. முருகன் இருந்துதான் ஆக வேண்டும். மாமியார் கீழே இறங்கியதே கிடையாது. பெண்கள் வார்டில் கூட இருக்க ஒரு பெண் வேண்டும். யார் போவது?

அப்போது ராணியின் குரல், நாள் முழுக்க முதல் தடவையாக.

"அவங்களே வரட்டும். ஆரம்பிச்சது அவங்கதானே."

10 நவ., திங்கள். கீழே, ஆஸ்பத்திரி

வந்த வழி: டாக்டர் அனுப்பிய ஜீப் கணியம்பாடி வரை, அங்கிருந்து டவுன் பஸ். ஜீப்பில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பை. பையை அவள்தான் வைத்தாள்.

ராணி என்னை அக்கா என்று கூப்பிடுவதில்லை. ‘நீங்க’ என்கிறாள். "நீங்க சாப்டீங்களா." "நீங்க தூங்குங்க." ஆறு வருடமாக நீ, வா, போ. இந்த மரியாதை குளிர்ந்த தண்ணீர் மாதிரி இருக்கிறது.

ஸ்கேன் எடுத்தார்கள். கழுத்தில் ஊசி வைத்து எடுத்தார்கள். வலித்திருக்கும், கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நான் கை நீட்டினேன். கம்பியையே பிடித்துக்கொண்டிருந்தாள்.

கேன்டீன் இட்லி பரவாயில்லை. சட்னி தண்ணீர்.

13 நவ., வியாழன்

முடிவு வந்தது.

இங்குள்ள டாக்டர் இளவயது, பொறுமையாகச் சொன்னார். புற்றுதான். ஆனால் சின்னது, தைராய்டுக்குள்ளேயே இருக்கிற வகை, மெதுவாக வளர்கிறது. எடுத்துவிடலாம். பிறகு ஆயுசுக்கும் ஒரு மாத்திரை. பெரும்பாலும் நன்றாக இருப்பார்கள்.

நான் மூச்சு விட்டேன். ராணி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கை பட்டா வருமா சார் இது?"

அவர் சிரித்துவிட்டார். "யாரும்மா அப்படிச் சொன்னாங்க?"

சிரித்திருக்கக் கூடாது. ராணி புடவைத் தலைப்பால் கழுத்தை மூடிக்கொண்டாள்.

சேகர் சார் போன். ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை ஒருவரும் வரவில்லை. விருந்தினருக்கும் எப்படியோ போய்விட்டது, ஒரு குடும்பம் வருவதை நிறுத்திக்கொண்டது. "நீங்க அங்கியே ராணிகூட இருங்க. அவசரமில்ல. வந்த பிறகு பாத்துக்கலாம், பாதத்துக்கு மட்டும் வேணா..." சரி சார் என்று போனை வைத்தேன். 

17 நவ., திங்கள்

முருகன் வந்து ஒரு நாள் இருந்துவிட்டுப் போனான். ராணியிடம் பேசினான், என்னிடம் பேசவில்லை. போகும்போது மட்டும் வாசலில் நின்றான். "நீங்க கண்டுபுடிக்கலன்னா இன்னாங்க ஆயிருக்கும்னு டாக்டர் கேக்கறாரு. எனக்கு ஒண்ணியும் புரியலங்க. எங்கம்மா ஒண்ணு சொல்றாங்க, இவங்க ஒண்ணு சொல்றாங்க." அழுதான். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று ஓடினான்.

பக்கத்துக் கட்டில் அம்மா, செங்கம் பக்கம். முதுகு பிடித்துக்கொண்டு படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருக்கிறாள். என் வேலை என்ன என்று கேட்டாள். மருந்துக் கடையில் இருக்கிறேன் என்றேன்.

ராணி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். 

24 நவ., திங்கள்

நாளைக்கு அறுவை சிகிச்சை. கையெழுத்துப் போட முருகன் வருவான், காலை முதல் பஸ்.

ராணி தன் பையனோடு போனில் பேசினாள். கேக்கில் என்ன எழுதினார்கள் என்று கேட்டாள். சிரித்தாள். போனை வைத்ததும் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"நான் செத்துட்டா," என்றாள் சுவரிடம், "ஊரு உங்கள இன்னா செய்யும்?"

"நீ சாக மாட்ட. டாக்டர் சொன்னாரே."

"பொழச்சிட்டா?"

மாத்திரைச் சீட்டை மடித்துப் பையில் வைத்தேன். 

25 நவ., செவ்வாய்

மழை. வார்டு ஜன்னலில் மலை தெரிவதில்லை, மேகம்தான்.

பச்சை அங்கி கொடுத்தார்கள். வளையல், தோடு, தாலி எல்லாம் கழற்றி முருகன் கையில். அவன் துண்டில் முடிந்துகொண்டான். அவனைக் கையெழுத்துக்குக் கூப்பிட்டுப் போனார்கள்.

நர்ஸ் வந்தாள். "ரெண்டு சடை போட்டு வைங்கம்மா, முடி கழுத்துல விழக் கூடாது. கூட யாரு?"

ராணி என்னைப் பார்த்தாள். எத்தனை நாளுக்குப் பிறகு முகத்தைப் பார்க்கிறாள்.

"இவங்கதான்."

பையிலிருந்து சீப்பை எடுத்து நீட்டினாள். வாங்கினேன். கட்டிலில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் முடியைத் தூக்கிக் கொடுத்தாள்.

"கழுத்துல மட்டும் கை படாம போடுங்கக்கா."

வகிடு எடுத்தேன். முடியை மேலே தூக்கிப் பிடித்து, காதோரத்திலிருந்தே பின்ன ஆரம்பித்தேன். அவள் ஆடாமல் இருந்தாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு. நானும். இரண்டாவது சடைக்குத் துணி நாடா கட்டும்போது தள்ளுவண்டி வந்துவிட்டது.

படவில்லை.